அழுத்தக் கலன்களுக்குப் பதிவும் சான்றிதழும் ஏன்? ஆலைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீராவியோ அழுத்தப்பட்ட காற்றோ இல்லாத ஆலை இன்று அரிது. சாயப்பட்டறை, அரிசி ஆலை, மருந்து ஆலை, ஃபவுண்டரி, ஐஸ் ஆலை என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் உருளை வடிவத்தில் இரும்புக் கலன் ஒன்று நின்றுகொண்டிருக்கும். அதற்குப் பதிவு எண் உண்டா, கடைசியாக யார் எப்போது சோதித்தார்கள் என்று கேட்டால் பல இடங்களில் பதில் வருவதில்லை. தமிழ்நாட்டின் சிறு, நடுத்தர ஆலைகளில் உரிமையாளர்களும் ஃபோர்மேன்களும் தொழிலாளர்களும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

அழுத்தக் கலன் என்றால் பாய்லர்தானே?

பாய்லர் அதில் ஒரு வகை. வளிமண்டல அழுத்தத்தைவிட அதிகமான அழுத்தத்தில் காற்றையோ வாயுவையோ நீராவியையோ திரவத்தையோ தாங்கும் மூடிய கலன் எதுவானாலும் அழுத்தக் கலன்தான். கம்ப்ரசரை ஒட்டி நிற்கும் ஏர் ரிசீவர் (அழுத்தக் காற்றைச் சேர்த்து வைக்கும் தொட்டி), மருத்துவமனையிலும் ரப்பர் ஆலையிலும் உள்ள ஆட்டோகிளேவ் (பொருளை உள்ளே வைத்து நீராவி அழுத்தத்தில் சூடாக்கும் கலன்), உயர் வெப்பத்தில் சாயமேற்றும் இயந்திரம், ஐஸ் ஆலையின் அம்மோனியா ரிசீவர், எல்.பி.ஜி. சேமிக்கும் புல்லட் என்னும் நீள்தொட்டி எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். பாய்லருக்கு ஒழுங்காகச் சான்று வாங்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஏர் ரிசீவரைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஆலைகள் நிறைய.

எங்கள் கலனுக்கு எந்த அலுவலகத்தில் போய்ப் பதிவது?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான். இந்தியாவில் மூன்று தனித்தனி வழிகள் உள்ளன. கலன் எந்த வழியில் சேரும் என்று முதலில் தெளிவாக வேண்டும்.

நீராவியை உண்டாக்கும் கலன் என்றால் கொதிகலன் சட்டம். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் புதிய கொதிகலன் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் பதிவு செய்த பிறகே ஓட்ட வேண்டும், செல்லுபடியாகும் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்ற அடிப்படை அப்படியே தொடர்கிறது. 25 லிட்டருக்குக் குறைவான கொள்ளளவு உள்ளவை, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான அழுத்தத்தில் இயங்குபவை, தண்ணீரை 100 டிகிரி செல்சியசுக்குக் கீழேயே சூடாக்குபவை ஆகியவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தமிழ்நாட்டில் இதைக் கொதிகலன் இயக்குநர் அலுவலகம் கவனிக்கிறது. பாய்லரிலிருந்து புறப்படும் நீராவிக் குழாய்களும் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எல்.பி.ஜி., அம்மோனியா, குளோரின், ஆக்சிஜன் போன்ற வாயுக்களைச் சேமிக்கும் கலனாக இருந்து, அதன் நீர்க் கொள்ளளவு 1,000 லிட்டரைத் தாண்டினால், 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வந்த 2016-ஆம் ஆண்டின் நிலையான மற்றும் நடமாடும் அழுத்தக் கலன் விதிகள் பொருந்தும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு) அமைப்பு இதற்குப் பொறுப்பு. கலனைச் செய்வதற்கு முன்பே வரைபடத்துக்கு அனுமதி வேண்டும், சேமித்து வைக்க உரிமம் வேண்டும்.

ஏர் ரிசீவரும் ஆட்டோகிளேவும் ரியாக்டரும் (வேதிவினை நடக்கும் கலன்) ஹீட் எக்ஸ்சேஞ்சரும் (வெப்பத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கலன்) இந்த 2016 விதிகளிலிருந்து பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கின்றன. அதைப் படித்துவிட்டு, அப்படியானால் இவற்றுக்குச் சட்டமே இல்லை என்று சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அது தவறு. இவை தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 31-ஆவது பிரிவு முழுக்க இதற்கென்றே இருந்தது. அந்தச் சட்டம் இப்போது தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் சென்றுவிட்டது. பிரிவு எண் மாறலாம், உரிமையாளரின் கடமை மாறவில்லை. இந்த வழியில் பாய்லரைப் போலப் பதிவு எண் வழங்கும் ஏற்பாடு இல்லை. அரசு அங்கீகரித்த தகுதி பெற்ற நபர் ஒருவர் கலனைச் சோதித்து, குறிப்பிட்ட படிவத்தில் அறிக்கை தருவார். ஆலை ஆய்வாளர் கேட்கும்போது அதைக் காட்ட வேண்டும்.

வெறும் காற்றுத் தொட்டி. வெடித்தால் காற்றுதானே வெளியே போகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 லிட்டர் ஏர் ரிசீவர், ஆலைகளில் வழக்கமாக வைக்கும் ஏழு கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தம். கலன் கிழிந்து அந்தக் காற்று ஒரே நொடியில் விரிந்தால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 9 லட்சம் ஜூல். ஒரு டன் எடையுள்ள காரைத் தரையிலிருந்து 90 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் அது. கிழிந்த இரும்புத் தகடு அந்த வேகத்தைச் சுமந்துகொண்டுதான் பறக்கும். சுவர் அதைத் தடுக்கும் என்று நம்ப முடியாது.

பாய்லரின் நிலைமை இன்னும் கடுமை. பத்து கிலோ அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 184 டிகிரி வரை சூடேறியும் திரவமாகவே இருக்கும். கலன் திறந்துகொண்டால் அழுத்தம் சட்டென்று விழும், அந்தத் தண்ணீரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அதே கணத்தில் நீராவியாகும். நீராவியான பங்கு தன் பழைய கன அளவைப்போல் சுமார் 1,500 மடங்கு விரியும். பாய்லர் வெடித்த இடத்தில் கட்டடமே இல்லாமல் போவதற்கு இதுதான் காரணம்.

பதிவுக்கும் சான்றிதழுக்கும் என்ன வித்தியாசம்?

பதிவு, பாய்லரைப் பொறுத்தவரை, ஒரு முறை நடப்பது. கலனை அளந்து, அதன் ஆவணங்களைச் சரிபார்த்து, அதிகபட்சம் எவ்வளவு அழுத்தத்தில் ஓட்டலாம் என்று முடிவு செய்து, ஒரு நிரந்தர எண்ணைக் கொடுப்பார்கள். அந்த எண்ணைக் கலனிலேயே அழியாதபடி பொறிக்க வேண்டும். சான்றிதழ் என்பது குறிப்பிட்ட காலத்துக்கு ஓட்டலாம் என்னும் அனுமதி. பாய்லருக்கு அது பொதுவாக 12 மாதங்களுக்கு மேற்படாது.

சான்றிதழில் போட்டிருக்கும் தேதி மட்டுமே கெடு என்று நினைத்துவிடக் கூடாது. பாய்லருக்கு விபத்து நேர்ந்தாலோ, அதன் கட்டமைப்பில் மாற்றம் செய்தாலோ, அதை வேறு இடத்துக்குப் பெயர்த்தாலோ, தேதி மிச்சமிருந்தாலும் சான்றிதழ் செல்லாததாகிவிடும். பக்கத்து ஷெட்டுக்கு நகர்த்தினோம், அவ்வளவுதான் என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும்?

ஏர் ரிசீவர் போன்றவற்றுக்கு மாநிலத் தொழிற்சாலை விதிகளின் பொதுவான ஏற்பாடு இது: வெளிப்புறச் சோதனை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, உட்புறச் சோதனை ஆண்டுக்கு ஒரு முறை, நீரழுத்தச் சோதனை (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது) நான்கு ஆண்டுக்கு ஒரு முறை. எல்.பி.ஜி. புல்லட்டுக்கு நீரழுத்தச் சோதனை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, பாதுகாப்பு வால்வுக்கு ஆண்டுதோறும். நச்சு வாயுவோ அரிக்கும் வாயுவோ இருக்கும் கலன்களுக்கு இடைவெளி இன்னும் குறைவு.

எங்கள் கலனில் பாதுகாப்பு வால்வு இருக்கிறது. அது போதாதா?

இதற்கு நான் தரும் பதிலைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். இந்தத் துறையில் மிகவும் பரவலான, மிகவும் ஆபத்தான நம்பிக்கை இதுதான்.

பாதுகாப்பு வால்வு ஒரே ஒரு ஆபத்திலிருந்துதான் காக்கும்: அழுத்தம் நிர்ணயித்த அளவைத் தாண்டுவது. கலனின் சுவர் மெலிந்துவிட்டது என்று அதற்குத் தெரியாது. ஒரு மீட்டர் விட்டமுள்ள கலன், பத்து மில்லிமீட்டர் தகடு, பத்து பார் அழுத்தம் (ஒரு பார் ஏறத்தாழ சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ) என்று வைத்துக்கொண்டால், தகடு தாங்கும் சுற்றுத் தகைவு, அதாவது தகட்டைச் சுற்றுவாட்டில் இழுக்கும் விசையின் அளவு, 50 மெகாபாஸ்கல். அரிப்பினால் ஓரிடத்தில் தகடு மூன்று மில்லிமீட்டராகக் குறைந்தால் அங்கே தகைவு 160-ஐத் தாண்டும். சாதாரணக் கார்பன் எஃகுத் தகட்டுக்கு வடிவமைப்பு விதிகள் அனுமதிக்கும் அளவு சுமார் 138. அழுத்தமானி அன்றைக்கும் பத்துதான் காட்டும். வால்வு அசையாது. எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும் நாளில்தான் கலன் கிழியும்.

அந்த அரிப்பு எங்கே நடக்கிறது என்பதும் முக்கியம். ஏர் ரிசீவரில் காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகி அடியில் தேங்கும். டிரெயின் வால்வைத் தினமும் திறந்துவிடாத ஆலையில் அந்தத் தண்ணீர் மாதக்கணக்கில் கிடந்து அடித்தகட்டை உள்ளிருந்து தின்றுகொண்டே இருக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அல்ட்ராசோனிக் கருவியை வைத்துத் தகட்டின் தடிமனை அளக்கும்போதுதான் உண்மை தெரியும். அந்த அளவை முதல் சோதனையின்போது பதிந்து வைத்த அளவோடு ஒப்பிட்டால், ஆண்டுக்கு எவ்வளவு தேய்கிறது, இன்னும் எத்தனை ஆண்டு ஓட்டலாம் என்று சொல்ல முடியும். எந்தப் பதிவும் இல்லாத கலனில் ஒப்பிடப் பழைய அளவே கிடையாது. பதிவு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு எத்தனையோ காரணங்கள் இருந்தாலும், முதலாவது இதுதான்.

வால்வையும் முழுதாக நம்பிவிட முடியாது. ஒழுகுகிறது என்று ஸ்பிரிங்கை முறுக்கி வைப்பது, வால்வுக்குக் கீழே அடைப்பு வால்வு ஒன்றைப் போட்டு மூடிவிடுவது இரண்டுமே நடக்கின்றன. அதனால்தான் வால்வின் அளவைச் சரிபார்த்து முத்திரையிடுவதும் ஆய்வில் ஒரு பகுதி.

சோதனைக்குத் தண்ணீர்தான் வேண்டுமா? கம்ப்ரசர் இருக்கிறது, காற்றடித்தே பார்த்துவிடலாமே?

கூடாது. 1,000 லிட்டர் கலனை பத்தரை பார் அழுத்தத்தில் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கும்போது தண்ணீர் சுருங்குவது அரை லிட்டர் அளவுக்குத்தான். அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சில நூறு ஜூல். கலன் அப்போது பிளந்தால் தண்ணீர் பீறிட்டுப் பக்கத்தில் நிற்பவரை நனைக்கும், அதோடு அழுத்தம் போய்விடும். அதே அழுத்தத்தில் காற்றை அடைத்தால் சேரும் ஆற்றல் 14 லட்சம் ஜூலுக்கு அருகில். சோதிக்க வேண்டும் என்று எண்ணிக் குண்டு தயாரிப்பதற்கு ஒப்பாகும் அது. தண்ணீர் ஊற்றும்போதும் உள்ளே காற்றுக்குமிழ் தங்காமல் மேலிருந்து வெளியேற்றிவிட வேண்டும்.

தண்ணீரையே பயன்படுத்த முடியாத சில கலன்களுக்குக் காற்றழுத்தச் சோதனைக்கு விதிகளில் இடம் உண்டு. அதற்கு முன் வெல்டிங்கை எக்ஸ்ரே படமெடுத்துப் பார்த்து, ஆட்களை அப்புறப்படுத்தி, படிப்படியாக அழுத்தம் ஏற்ற வேண்டும். அனுபவமுள்ள ஆய்வாளர் இல்லாமல் யாரும் அதில் இறங்கக் கூடாது.

பழைய கலன் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

முதலில் பெயர்த்தகட்டைத் தேடுங்கள். செய்தவர் பெயர், வரிசை எண், செய்த ஆண்டு, எந்த விதிநூலின்படி செய்யப்பட்டது, அதிகபட்ச அழுத்தம், வெப்பநிலை, சோதனை அழுத்தம் ஆகியவை அதில் இருக்கும். தகடு இல்லையென்றால், அல்லது வேறு கலனிலிருந்து பிடுங்கி ஒட்டியதுபோல் தெரிந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கடுமையாகச் சொல்கிறேனே என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. எந்த எஃகு என்று தெரியாமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கணக்கிட முடியாது. வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்களா என்பதைப் பொறுத்து, ஒரே தடிமனுள்ள தகட்டுக்கு அனுமதிக்கப்படும் அழுத்தம் மாறும். முழுக்கப் படமெடுத்த இணைப்புக்கு ஒன்று என்ற மதிப்பெண் தந்தால், படமே எடுக்காத இணைப்புக்கு 0.7தான். முன்பு அதற்குள் என்ன இருந்தது என்பதும் தெரிய வேண்டும். காஸ்டிக் சோடா இருந்த கலனில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் ஓடியிருக்கக்கூடும். இரும்பை வெளியிலிருந்து பார்த்து இவற்றில் எதையும் கண்டுபிடிக்க இயலாது. ஆவணம் மட்டுமே சொல்லும்.

பதிவுள்ள பாய்லரை வாங்கினால் பதிவேட்டின் பழைய பக்கங்களையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். எந்த ஆண்டில் எந்தக் குழாய் மாற்றப்பட்டது, அனுமதித்த அழுத்தத்தை எப்போதாவது குறைத்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். வேறு மாநிலத்திலிருந்து வருவதாக இருந்தால் பதிவை மாற்றிக்கொள்ளும் நடைமுறை தனியாக உண்டு. லாரியில் ஏற்றுவதற்கு முன்பே இரண்டு மாநில அலுவலகங்களிலும் கேட்டுக்கொள்வது நல்லது.

சின்னக் கசிவு. எங்கள் வெல்டரே அடைத்துவிடுவாரே?

அவர் கேட்டும் கிராதியும் அருமையாக வெல்டு செய்பவராக இருக்கலாம். அழுத்தம் தாங்கும் இணைப்பு வேறு வேலை. தகட்டுக்கு ஏற்ற வெல்டிங் ராடு, முன்கூட்டியே சூடாக்குவது, பிறகு ஆறவிடும் முறை ஆகியவற்றில் எது பிசகினாலும் வெல்டுக்குப் பக்கத்துத் தகடு கடினமாகி, பல மாதங்கள் கழித்து அங்கே விரிசல் விடும். பாய்லரில் அனுமதியில்லாமல் பழுது பார்ப்பது சட்டப்படி குற்றம். அங்கீகரிக்கப்பட்ட பழுதுபார்க்கும் நிறுவனமும் கொதிகலன் விதிகளின்படி தேர்வு எழுதிச் சான்று பெற்ற வெல்டரும்தான் அதைத் தொடலாம். தமிழ்நாட்டில் அத்தகைய வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை. 1960-களில் திருச்சிக்கு வந்த பெல் கொதிகலன் ஆலையும் அதைச் சுற்றி வளர்ந்த துணை ஆலைகளும் இந்தக் கைத்திறனில் தலைமுறைகளை வளர்த்திருக்கின்றன.

கசிவு என்பதே ஒரு தகவல். அதை அடைப்பதற்கு முன், அந்த இடத்தில் ஏன் கசிந்தது, சுற்றியுள்ள தகடு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சாயமேற்றும் இயந்திரத்தின் அழுத்தம் குறைவுதான். அதற்கும் இவ்வளவு கெடுபிடியா?

பாலியஸ்டரை 130 டிகிரியில் சாயமேற்றுகிறார்கள். அந்த வெப்பத்தில் உள்ளே இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1.7 பார். சின்ன எண்தான். ஆனால் ஒரு மீட்டர் விட்டமுள்ள மூடியின் மேல் அது 13 டன்னுக்கு மேற்பட்ட விசையாக உட்கார்ந்திருக்கிறது. அழுத்தம் 0.1 பாருக்கு இறங்கி, அழுத்தமானியின் முள் கிட்டத்தட்ட சுழியத்தில் நிற்கும்போதுகூட மூடியை வெளியே தள்ளும் விசை 800 கிலோ. அந்த நேரத்தில் தொழிலாளி பூட்டைத் திறந்தால் மூடி அவர் மேலேயே வரும், பின்னாலேயே கொதிநீர் வரும்.

எனவே இத்தகைய கலன்களில் ஆய்வாளர் தகட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார். அழுத்தம் முழுதும் இறங்காமல் மூடி திறக்காதபடி தடுக்கும் பூட்டு வேலை செய்கிறதா, அதை யாராவது கம்பி கட்டி முடக்கியிருக்கிறார்களா, மூடியின் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்றெல்லாம் பார்ப்பார். ஷிப்டில் நேரம் மிச்சப்படுத்த அந்தப் பூட்டை முடக்கச் சொல்லும் மேற்பார்வையாளரை எந்த உரிமையாளரும் வேலையில் வைத்திருக்கக் கூடாது.

ஆய்வுக்காக ஆலையை நிறுத்த வேண்டியிருக்கிறதே?

ஆமாம், நிறுத்தித்தான் ஆக வேண்டும். பாய்லரை முழுக்க ஆறவிட்டு, தண்ணீரை வடித்து, மனிதன் நுழையும் வாயைத் திறந்து, உள்ளேயும் வெளியேயும் சுத்தம் செய்து, வேறு பாய்லர்களோடு இணைக்கும் நீராவிக் குழாய்களைத் தகடு போட்டு அடைத்த பிறகே ஆய்வாளர் உள்ளே போகலாம். இந்தக் கடைசி வேலையை மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். வால்வை மூடிவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஓர் ஆளை உள்ளே அனுப்பக் கூடாது. கலனுக்குள் ஆக்சிஜன் போதுமா என்று அளந்து, வெளியே ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் யாரும் நுழைய வேண்டும்.

ஆண்டுப் பராமரிப்பு நாட்களோடு ஆய்வுத் தேதியைச் சேர்த்து முன்கூட்டியே விண்ணப்பித்தால் இழப்பு குறையும். கெடு முடியும் வாரத்தில் ஓடினால்தான் சிரமம்.

சான்றிதழ் இருந்த பாய்லர்களும் வெடித்திருக்கின்றனவே?

உண்மை. 1905 மார்ச் 20-ஆம் தேதி அமெரிக்காவின் பிராக்டன் நகரில் குரோவர் காலணி ஆலையின் பழைய பாய்லர் வெடித்து, நான்கு மாடிக் கட்டடம் சரிந்து எரிந்தது. 58 பேர் இறந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்ற இரண்டு தகடுகளின் இணைப்புக்குள் விரிசல் ஒளிந்திருந்தது. கண்ணால் பார்க்கும் எந்த ஆய்விலும் அது அகப்பட்டிருக்காது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1907-இல் பாய்லர்களுக்கென விதிகள் கொண்டுவந்தது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1914-இல் தன் முதல் கொதிகலன் விதிநூலை முடித்தது. எப்படிச் சோதிப்பது என்பதோடு நில்லாமல், எப்படிப்பட்ட இணைப்பைச் செய்யவே கூடாது என்றும் விதி சொல்லத் தொடங்கியது. இன்று பெயர்த்தகட்டில் விதிநூலின் பெயரைத் தேடச் சொல்வது இந்த வரலாற்றினால்தான்.

நம் நாட்டில் 2017 நவம்பர் 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் உன்சாகார் அனல் மின்நிலையத்தில் நடந்த விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2020-இல் நெய்வேலி இரண்டாம் அனல் மின்நிலையத்தில் மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் அடுத்தடுத்து விபத்துகள் நடந்து பல தொழிலாளர்கள் உயிரிழந்தனர். இவையெல்லாம் பெரிய பொதுத்துறை நிறுவனங்கள், காகிதங்களுக்குக் குறைவில்லாத இடங்கள். சான்றிதழ் கலனின் வலிமையைச் சொல்லும். அன்றன்றைக்கு அதை எப்படி ஓட்டுகிறார்கள், பழுதுபார்க்கும்போது நிறுத்துகிறார்களா என்பதை அது சொல்லாது. அதற்காகத்தான் பாய்லரை இயக்குபவருக்கும் தனித் தகுதிச் சான்று வேண்டும் என்று விதி இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் இன்னும் எதற்கு?

1863-இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்த பிறகு, 1864-இல் வங்காளத்தில் இந்தியாவின் முதல் பாய்லர் ஆய்வுச் சட்டம் வந்தது. பிறகு மாகாணத்துக்கு மாகாணம் வெவ்வேறு சட்டங்கள் வந்து, ஓரிடத்தில் தேறிய பாய்லர் இன்னோரிடத்தில் தேறாத நிலை உண்டானது. அதை நாடு முழுக்க ஒன்றாக்கியதுதான் 1923-ஆம் ஆண்டுச் சட்டம். 2025-இல் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்த பிறகும் அந்த அடிப்படை தொடர்கிறது. சட்டத்தின் வயதைக் காட்டி எஃகின் இயல்பை மாற்ற முடியாது.

நான் தொழிலாளி. எங்கள் ஆலைக் கலன் சரியாக இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பெயர்த்தகடு இருக்கிறதா, பாய்லரில் பதிவு எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தமானியில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவைக் குறிக்கும் சிவப்புக் கோடு இருக்க வேண்டும். பாதுகாப்பு வால்வின் முத்திரை அறுந்திருக்கக் கூடாது. ஏர் ரிசீவரின் டிரெயினைத் திறந்தால் துருநிறத் தண்ணீர் நிறைய வருகிறதென்றால் ஃபோர்மேனிடம் சொல்லுங்கள், தேதியோடு ஷிப்ட் பதிவேட்டில் எழுதியும் வையுங்கள். கடைசிச் சோதனை அறிக்கை எங்கே என்று கேட்பதில் தவறில்லை.

கேட்டும் யாரும் பொருட்படுத்தவில்லையென்றால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதலாம். பாய்லர் பற்றியதானால் கொதிகலன் இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதலாம். புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடக் கூடாது என்ற கடமை ஆலை ஆய்வாளருக்கு உண்டு. கலன் எங்கே நிற்கிறது, பெயர்த்தகட்டில் என்ன எழுதியிருக்கிறது, நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்ற மூன்றையும் தெளிவாக எழுதினால் போதும்.